சேண்டி கூஃபாக்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சேண்டி கூஃபாக்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். பேஸ்பாலில் மாபெரும் பிட்சர்களை (பந்தெறிபவர்களை) எடைபோடுபவர்கள் 300 வெற்றிகளை அளவுகோலாக வைப்பது வழக்கம். அந்தக் கணக்கில் உங்களுடைய 165 வெற்றிகள் பாதியைச் சற்றே தாண்டியவை. ஆனாலும் உங்களை விட்டுவிட்டு அந்தப் பேச்சை முடிக்க எவருக்கும் மனம் வருவதில்லை.

1955இல், 19 வயதில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடத் தொடங்கினீர்கள். பெருந்தொகை கொடுத்துச் சேர்த்த இளைஞரை இரண்டு ஆண்டுகளுக்குச் சிறிய லீகுகளுக்கு (இளைஞர்கள் ஆடிப் பழகும் கீழ்நிலைப் போட்டிகளுக்கு) அனுப்பக் கூடாது என்ற அக்கால விதியால், ஆடிப் பழக வேண்டிய வயதில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தீர்கள். முதல் ஆறு பருவங்களில் 36 வெற்றிகள், 40 தோல்விகள். வேகம் இருந்தது, பந்துதான் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. 1961ஆம் ஆண்டுப் பயிற்சிக் காலத்தில், முழு வலுவையும் கூட்டி எறிய வேண்டாம் என்று உங்கள் பந்துகளைப் பிடிக்கும் கேட்சர் நார்ம் ஷெர்ரி சொன்னதையும் நீங்கள் அதற்குச் செவிகொடுத்ததையும், பின்னாளில் நீங்கள் எட்டிய எந்தச் சாதனையையும்விடப் பெரிதாக நான் மதிக்கிறேன். அந்தப் பருவத்திலேயே, பந்தைச் சரியாக அடிக்கவிடாமல் மட்டையாளரை வெளியேற்றும் ஸ்ட்ரைக் அவுட்டை 269 முறை நிகழ்த்தினீர்கள். 1962 முதல் 1966 வரை ஐந்து பருவங்களிலும் இரு முதன்மை லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில், எதிரணிக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் மிகக் குறைந்த சராசரி உங்களுடையதே.

1965 செப்டம்பர் 9 அன்று சிகாகோ கப்ஸ் அணியினர் 27 முறை மட்டையெடுத்தும் ஒருவரையும் முதல் தளத்தை எட்டவிடவில்லை. கடைசி அறுவரும் ஸ்ட்ரைக் அவுட். (அன்று ஒரேயொரு ஹிட் (தளத்தை எட்டவைக்கும் அடி) மட்டும் கொடுத்தும் தோற்றுப்போன கப்ஸ் பிட்சர் பாப் ஹெண்ட்லியை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது.) அடுத்த மாதம், யூதரான நீங்கள், யூதர்களின் யோம் கிப்பூர் புனித நாளில், இரு லீகுகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஆட மறுத்தீர்கள். அதே தொடரின் ஏழாவது ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வுக்குப் பின், வளைந்து செல்லும் கர்வ் பந்து கைகொடுக்காதபோதும் வேகப்பந்தையே நம்பி எதிரணியான மினசோட்டாவை ஓட்டமின்றி அடக்கினீர்கள்.

இடது முழங்கையின் மூட்டுவாதத்தோடு 1966இல் 27 வெற்றிகள் பெற்று, அந்த நவம்பரிலேயே, 30 வயதில் விலகினீர்கள். இன்னும் சில ஆண்டுகள் ஆடியிருக்கலாமே என்று வருந்துபவர்களோடு நான் சேரமாட்டேன். அந்தக் கையோடு வாழ வேண்டியவர் நீங்கள்தானே. 1972இல், 36 வயதில், பேஸ்பால் புகழ்மன்றத்துக்குத் தேர்வானவர்களிலேயே இளையவரானீர்கள். 1979 முதல் பல ஆண்டுகள் டாட்ஜர்ஸின் சிறிய லீக் இளைஞர்களுக்குப் பந்தெறியக் கற்றுக்கொடுத்தீர்கள். உங்கள் இளமையில் உங்களுக்குக் கதவடைத்த அதே சிறிய லீகுகளில்.

அன்புடன்,
ஒரு வாசகன்