அந்த அறையின் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது?

சேலத்தில் மகப்பேறு மருத்துவமனைகள் நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் குடியிருப்பவள். உங்களில் எந்த மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற எல்லோரும் "நல்லவேளை, நாம் இல்லை" என்று நிம்மதியாகப் போய்விடுவீர்கள். கடந்த மே மாதம் நடந்தது இது. அந்த இரவில் எங்களை ஓட வைத்தவள் இப்போது என் மடியில் கிடந்து முந்தானை நுனியைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். "குழந்தைதான் நல்லபடியாகப் பிறந்துவிட்டதே, இனி எதற்கு இந்தக் கடிதம்?" என்று என் மைத்துனர் கேட்டார். நல்லபடியாகப் பிறந்ததால்தான் எழுத உட்கார முடிகிறது என்றேன். வேறு மாதிரி நடந்திருந்தால் இந்தக் கடிதத்தை யார் எழுதியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். குழந்தையின் அசைவு குறைந்திருக்கிறது என்று ஒரு கர்ப்பிணி அழைத்தால், மணி என்னவாக இருந்தாலும் "உடனே வாருங்கள்" என்று சொல்லுங்கள். வந்தவளுக்கு அப்போதே வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைத் தாளில் பதித்துப் பாருங்கள். இவ்வளவுதான்.

எனக்கு அப்போது 36ஆவது வாரம். சாப்பிட்டுப் படுத்ததும் வலது விலாவுக்குக் கீழே தினமும் ஒரு ஆட்டம் நடக்கும். அன்று சனிக்கிழமை, அந்த ஆட்டம் இல்லை. யோசித்துப் பார்த்தால் மாலையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. துணி மடித்துக்கொண்டு, மூத்தவனைத் தூங்கவைத்துக்கொண்டு இருந்ததில் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அத்தை தலையைத் தடவி, "கடைசி மாதத்தில் இடம் போதாது, பிள்ளை அடங்கிவிடும்" என்றார். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அது தவறு என்று எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் ஏழாம் மாதமே சொல்லியிருந்தார். நாள் நெருங்க நெருங்க அசைவின் விதம் மாறலாம், உதை போய்ப் புரளல் வரலாம். ஆனால் அசைவே குறையக் கூடாது. குழந்தை உள்ளே தூங்கும்தான். அது பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம், 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். சந்தேகம் வந்தால் இடது பக்கம் சாய்ந்து படுத்து, வேறு வேலை எதுவும் இல்லாமல் இரண்டு மணி நேரம் கவனி. பத்து அசைவு தேறவில்லை என்றால் கூப்பிடு, விடியட்டும் என்று வைக்காதே. இதைச் சொன்ன அந்த அம்மாள் மழையிலும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடந்து போகிறவர். உங்கள் மருத்துவமனைகளில் குளிரூட்டிய அறையில் இருப்பவர்களுக்கு அவரைக் கொண்டு ஒரு நாள் வகுப்பு எடுக்கச் சொல்லலாம்.

அத்தையே அடுப்படியிலிருந்து பத்துப் புளியங்கொட்டைகளை ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். ஒரு அசைவுக்கு ஒரு கொட்டை, டம்ளரிலிருந்து தட்டுக்கு. பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் கொட்டை விழ முப்பத்தைந்து நிமிடம் ஆனது. இரண்டாவதை எடுத்து, அது என் குடல் இரைச்சலோ என்று திரும்ப டம்ளரிலேயே போட்டேன். குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். சர்க்கரை கரைத்துக் குடித்தேன். என் கணவர் செல்போன் டார்ச்சை வயிற்றின் மேல் அடித்துப் பார்த்தார். அவர் அதைச் செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் வயிறு குலுங்கியது, குலுங்கியதை அசைவு என்று எண்ணிக்கொள்ள மனம் ஆசைப்பட்டது. பயம் அப்படித்தான், நம் கணக்கிலேயே கைவைக்கும். ஒரு மணிக்குத் தட்டில் நான்கு கொட்டைகள் கிடந்தன.

மருத்துவமனைக்கு அழைத்தோம். எடுத்தவர் வரவேற்பில் இருந்த பையன். "வலி இருக்கிறதா? இல்லை. ரத்தம்? இல்லை. தண்ணீர் உடைந்ததா? இல்லை. அப்படியென்றால் ஜூஸ் ஏதாவது குடித்துவிட்டுப் படுங்கள் மேடம், காலையில் ஓ.பி.க்கு வாருங்கள்." அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்படி அழைப்பு வந்தால் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு நீங்கள் சொல்லித்தரவில்லை. அந்த ஜூஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இனிப்புக் குடித்தால் குழந்தை துள்ளும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. அது குழந்தைக்கான வைத்தியம் அல்ல. தொலைபேசியை வைப்பதற்கான வைத்தியம்.

ஏற்காட்டில் சீசன். வாடகைக் கார் ஒன்றும் சிக்கவில்லை. வலியும் ரத்தமும் இல்லாமல் 108ஐ அழைத்து என்ன சொல்வது என்று தயங்கினோம். இனி தயங்க மாட்டேன். பக்கத்து எஸ்டேட்டில் காப்பி மூட்டை ஏற்றும் ஜீப்பைக் கெஞ்சி வாங்கினார் என் கணவர். பின் இருக்கையில் சாக்கை மடித்துத் தலைக்கு வைத்து, இடது பக்கமாகப் படுத்தேன். அந்த மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது சுற்றுலா வருகிறவர்களுக்குப் பெருமை. படுத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள். ஒரு வளைவில் தலை கதவில் இடிக்கும், அடுத்ததில் கால். மூடுபனியில் ஓட்டுநர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினார். நடுவில் ஏதோ ஒரு வளைவில் உள்ளே மெல்லிதாக ஒரு நெளிவு. வண்டி குலுங்கியதா, குழந்தையா? இன்றுவரை தெரியாது. கொட்டைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

மூன்றரை மணிக்கு உங்கள் வாசலில் நின்றோம். பலகையில் நீல விளக்கில் "24 மணி நேர சேவை" எரிந்துகொண்டிருந்தது. பணியில் இருந்த செவிலியர் கைக்கருவி ஒன்றை வயிற்றில் வைத்து, பத்து நொடி போல இதயத்துடிப்பைக் கேட்கவைத்து, "கேட்கிறது அல்லவா, பயப்படாதீர்கள்" என்றார். துடிப்பு கேட்கிறது என்பது இந்த நொடியில் இதயம் துடிக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். குழந்தை தெம்பாக இருக்கிறதா, திணறுகிறதா என்று தெரிய வேண்டுமானால் பெல்ட் கட்டி, குறைந்தது இருபது நிமிடம் அந்தத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாளில் ஓடவிட வேண்டும். அதைத்தான் என் கணவர் கேட்டார். செவிலியர் தயங்கிச் சொன்னார்: துடிப்பைத் தாளில் பதியும் அந்த சி.டி.ஜி. இயந்திரம் இருக்கும் அறை பூட்டியிருக்கிறது, சாவி பகல் ஷிஃப்டு சிஸ்டரிடம் இருக்கிறது, எட்டு மணிக்கு வந்துவிடுவார்.

இயந்திரம் இருக்கிறது. அறை இருக்கிறது. கதவில் இருந்த சிறிய கண்ணாடி வழியாக அதன் மேல் போர்த்திய பச்சைத் துணிகூடத் தெரிந்தது. அந்தக் கதவுக்கு எதிரே போட்டிருந்த இரும்பு பெஞ்சில் நான்கரை மணி நேரம் இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தேன். என் கணவர் பெஞ்சுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். அந்த நான்கரை மணி நேரத்தைப் பற்றி மேலும் எழுத எனக்கு விருப்பமில்லை.

எட்டேகாலுக்குப் பெல்ட் கட்டினார்கள். தாளைப் பார்த்த மருத்துவரின் முகம் மாறியது. ஸ்கேனில் பனிக்குட நீரும் குறைவு. பத்தரை மணிக்கு அறுவை அரங்கம், 2 கிலோ 100 கிராமில் மகள். கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அந்த மருத்துவர் என்னிடம் கோபமாகக் கேட்டார்: "அசைவு இல்லை என்றால் இவ்வளவு தாமதமாகவா வருவீர்கள்? படித்தவர்கள்தானே?"

அவர் நல்ல மருத்துவர். அந்தக் கோபமும் அக்கறையில் வந்ததுதான். நான் அவருடைய கதவுக்கு வெளியே, அவருடைய பெஞ்சில்தான் தாமதமாகிக்கொண்டிருந்தேன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

இப்படி அழைக்கும் எல்லோருக்கும் அவசரமில்லை என்பது எனக்கும் தெரியும். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் அரச கல்லூரி 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, ஒரு முறை அசைவு குறைந்ததாக வரும் பெண்களில் 70 சதவீதம் பேருக்குக் கர்ப்பம் சிக்கலின்றி முடிகிறது என்கிறது. அதே வழிகாட்டுதல்தான், குழந்தை வயிற்றிலேயே இறந்த தாய்மார்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முன் அசைவு குறைந்ததை உணர்ந்திருந்தார்கள் என்றும் சொல்கிறது. வெறும் எண்ணிக்கை குழந்தையைக் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. புளியங்கொட்டை எதையும் கண்டுபிடிக்காது. கதவைத் தட்டத்தான் சொல்லும். கதவைத் திறக்க வேண்டியவர்கள் நீங்கள். பத்தில் ஏழு பேரை "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று அனுப்பலாம். ஆனால் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பார்க்காமலே போனில் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. ஐந்து ரோட்டைச் சுற்றி உங்கள் விளம்பரப் பலகைகளில் சிரிக்காத குழந்தை ஒன்றுகூட இல்லை. வளைகாப்புக்குப் படம் எடுக்க ஊஞ்சல் வைத்திருக்கிறீர்கள். ஊஞ்சல் அறைக்குப் பூட்டு இல்லை என்பதையும் அன்று கவனித்தேன். மலை மேலே மட்டும் என்ன வாழ்கிறது? கோடை விழாவுக்குப் பல்லாயிரம் பூந்தொட்டிகளை வாடாமல் பார்த்துக்கொள்ள இரவு பகலாக ஆள் போடத் தெரிகிறது. நாகலூரிலிருந்து ஒரு கர்ப்பிணி இரவில் இறங்க வழி கேட்டால் ஊரே கையைப் பிசைகிறது. பூவாகப் பிறந்திருந்தால் என் மகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ஊழியர் இருந்திருப்பார்.

மன்னிக்க வேண்டும். மலர்க் கண்காட்சிக்கு நீங்கள் பொறுப்பில்லை. பொறுப்பானதை மட்டும் கேட்கிறேன், பணிவாகவே கேட்கிறேன். இரவில் தொலைபேசி எடுப்பவரின் மேசையில் ஒரு தாள் ஒட்டுங்கள்: அசைவு குறைவு என்றால் "உடனே வாருங்கள்", பிறகு அழைப்பைப் பிரசவ அறைச் செவிலியருக்கு மாற்று. மலையிலிருந்து அழைக்கிறார்கள் என்றால், வருவதற்கு வண்டி இருக்கிறதா என்று ஒரு கேள்வி கூடுதலாக. வந்து சேர்ந்தால், எந்த நேரமானாலும், பெல்ட்.

புதுக் கட்டடமோ புது இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. உங்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரே ஒரு வரி பதில் போதும்: இன்று இரவு இரண்டு மணிக்கு அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும்?

இப்படிக்கு,
நாகலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகளின் தாய்