புது நன்மையோட நின்னு போன படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல, கோடை லீவுல கோயில்கள்ல நடக்குற விடுமுறை விவிலியப் பள்ளி பத்தி போட்டோவோட ஒரு செய்தி வந்திருந்துச்சு. பிள்ளைங்க பாட்டு, நாடகம், பரிசு எல்லாம் பார்க்க ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. எங்க பங்குலயும், அதாவது எங்க ஏரியா கத்தோலிக்கக் கோயில்லயும், பத்து நாள் நடந்துச்சு, நானும் போய் ஹெல்ப் பண்ணேன். ஆனா அங்க தினமும் நான் பார்த்த ஒண்ணு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. பிள்ளைய இறக்கி விட்டுட்டு வேப்பமரத்தடியில வண்டி மேல உக்காந்து போன் பார்த்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் காத்திருக்கிற அப்பா அம்மாவுக்கு யாருங்க சொல்லிக்குடுக்கிறது?

நான் தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு கடற்கரை ஊர்ல பொறந்தவ, இப்ப தாம்பரம் பக்கம் வீட்டுலயே மெஷின் போட்டு தையல் வேலை பண்றேன். சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஞானோபதேச கிளாஸ், இப்ப மறைக்கல்வின்னு சொல்றாங்களே அதுதான், பத்துக் கட்டளை, ஏழு அருட்சாதனம் எல்லாம் மனப்பாடம், ஒப்பிக்கலைன்னா சிஸ்டர் வீட்டுக்கு விடமாட்டாங்க. புது நன்மை, அதாவது முதல் தடவையா நற்கருணை வாங்கினோம், அப்புறம் விசுவாசத்துல உறுதிப்படுத்துற உறுதிபூசுதல், அதோட சரி. அதுக்கப்புறம் முப்பது வருஷம் யாரும் என்கிட்ட எதுவும் கேக்கலை, நானும் யார்கிட்டயும் எதுவும் கேக்கலை. பத்து வயசுப் பிள்ளைக்கு எடுத்த அளவுல தச்ச துணி நாப்பது வயசுல சேராதுன்னு எனக்கு தெரியும், ஆனா விசுவாசம் மட்டும் அந்த அளவே போதும்னு இருந்துட்டேன்.

கல்யாணமாகி 2011ல இங்க வந்தோம். ஊர்ல கோயில் மணி அடிச்சா தெருவே எந்திரிக்கும், கொடியேத்தம், சப்பரம், அசனம்னு எல்லாத்துக்கும் எல்லாரும் இருப்போம், யார் வீட்டுல யாருக்கு காய்ச்சல்னு கூட தெரியும். இங்க ஞாயித்துக்கிழமை எட்டு மணி பூசைக்கு போவோம், தூண் பக்கத்துல உக்காருவோம், முடிஞ்சதும் கறிக்கடை, வீடு. நாலு வருஷம் இப்படியே போச்சு. சமாதானம் சொல்லிக்கிறப்ப பக்கத்துல இருக்கவங்களைப் பார்த்து கையெடுத்துக் கும்பிடுவோம்ல, அதுதான் எங்களுக்கும் அந்தப் பங்குக்கும் இருந்த பழக்கம்.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும், முடிச்சூர் பக்கம் அடையாறு ஏறி வந்த ராத்திரி நாங்க கீழ் வீட்டுல இருந்தோம், மாமியாருக்கு நடக்க முடியாது, கரண்ட் இல்ல, போன் இல்ல. அப்ப இடுப்பளவு தண்ணியில ஒரு அக்காவும் அவங்க மகனும் வந்து கதவைத் தட்டி, நீங்க எட்டு மணி பூசைக்கு வர்றவங்கதானே, வாங்க எங்க மாடிக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க. மூணு நாள் அவங்க வீட்டுல பதினோரு பேர் இருந்தோம். எங்க அன்பியத்தோட பொறுப்பாளர் அவங்கதான், அன்பியம்னு ஒண்ணு எங்க தெருவுல நடக்குதுன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். நாலு வருஷமா அவங்க எங்களைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க, நாங்கதான் யாரையும் பார்க்கலை.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காக சொல்றேன், அன்பியம்னா ஒரு பங்கை இருபது முப்பது வீடா பிரிச்சு, அந்த வீட்டுக்காரங்க ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வீட்டுல கூடி செபம் பண்ணி, விவிலியம் வாசிச்சு, ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கிறது. 1990ல இந்தோனேஷியாவுல பாண்டுங்ல கூடின ஆசிய ஆயர்கள், இந்த மாதிரி சின்னச் சின்ன குழுக்கள்தான் திருச்சபையோட புது வழின்னு சொன்னாங்கன்னு எங்க ஃபாதர் விளக்கினார்.

நான் போக ஆரம்பிச்சப்ப எங்க அன்பியம் அவ்வளவு நல்லா நடக்கலைங்கிறதையும் மறைக்காம சொல்லணும். ஒரு ஜெபமாலை, ஒரு வாசகம் கடகடன்னு, அதுக்கப்புறம் திருவிழா வரி யார் குடுத்தா யார் குடுக்கலை, வேளாங்கண்ணி பஸ்ஸுக்கு எத்தனை சீட்டு, அப்புறம் சுண்டல் டீ. கூடிப் பேசுறது நல்லதுதான், ஆனா வாசிச்ச வசனத்தைப் பத்தி ஒரு வார்த்தை யாரும் பேசமாட்டாங்க, பேசத் தெரியாது, தப்பா பேசிடுவோமோன்னு பயம். அப்ப ஒரு சிஸ்டர் வந்து ஏழு படி முறைன்னு ஒண்ணு சொல்லிக்குடுத்தாங்க, தென்னாப்பிரிக்காவுல லும்கோங்கிற பயிற்சி மையத்துல உருவானதாம். ஆண்டவரை அழைக்கிறது, வசனத்தை வாசிக்கிறது, மனசைத் தொட்ட வார்த்தைய மெதுவா திரும்பச் சொல்றது, அமைதியா இருக்கிறது, பகிர்றது, என்ன செய்யப் போறோம்னு முடிவு பண்றது, கடைசியா செபம். பிரசங்கம் கிடையாது, படிச்சவங்க படிக்காதவங்க எல்லாரும் பேசலாம்.

அந்த முறையில நாங்க கூடின ரெண்டாவது தடவை மாற்கு 12ஆம் அதிகாரம், ஏழைக் கைம்பெண் ரெண்டு காசு காணிக்கை போட்ட பகுதி. இதை வச்சு எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம், எல்லாம் நாமளும் அந்தம்மா மாதிரி தாராளமா குடுக்கணும்னு முடியும். அன்னைக்கு கோயில் வாசல்ல பூ விக்கிற ஆயா, அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, கையில இருந்ததை எல்லாம் போட்டுட்டாளே, அன்னைக்கு ராத்திரி அவ என்னத்த சாப்பிட்டிருப்பா, சுத்தி நின்னவங்கள்ல யாராவது கேட்டாங்களான்னாங்க. யாருக்கும் பேச்சு வரலை. சிஸ்டர்தான் அதுக்கு முந்தின வசனத்தை எடுத்து வாசிங்கன்னாங்க, அதுல ஏசு கைம்பெண்களோட வீட்டையே பிடுங்கிக்கிற மறைநூல் அறிஞர்களை கண்டிக்கிறார், அது முடிஞ்ச உடனேதான் இந்தப் பகுதி வருது. முப்பது வருஷமா கேட்ட வசனம், முந்தின வரி என்னன்னு எனக்கு தெரியாது. அன்னைக்கு நாங்க எடுத்த முடிவு, நம்ம இருபத்தஞ்சு வீட்டுல தனியா இருக்கிற கைம்பெண்கள் யார் யார்னு போய் பார்க்கிறது. மூணு பேர் இருந்தாங்க, ஒருத்தங்க வரி பாக்கி இருக்குன்னு வெக்கப்பட்டுக்கிட்டு பூசைக்கே வராம இருந்திருக்காங்க. இப்ப ஏழைகளுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபை மூலமா மாசா மாசம் அரிசி போகுது, அந்தம்மா இப்ப எங்க கூட்டத்துல பாட்டு எடுத்துக் குடுக்கிறாங்க. எங்க பங்குல இதுவரைக்கும் நான் பார்த்ததுலயே பெரிய விஷயம் இதுதான்.

அதுக்கப்புறம் எங்களுக்கே பசி வந்துருச்சு. ஃபாதர்கிட்ட கேட்டோம், வியாழக்கிழமை ராத்திரி ஏழரைக்கு பெரியவங்களுக்கு வகுப்பு ஆரம்பிச்சார். முதல்ல மாற்கு, பதினாறு அதிகாரம்தான், முடிக்க அஞ்சு மாசம் ஆச்சு. மாற்குல ஏசு பிறந்த கதையே இல்லைங்கிறது எனக்கு புதுசு. வருஷா வருஷம் குடில் கட்டுறோம், ஆனா இடையர்கள் வர்றது லூக்காவுல, விண்மீனும் ஞானிகளும் வர்றது மத்தேயுவுல, அதுவும் மூணு ராஜான்னு மத்தேயு சொல்லவே இல்லை, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம்னு காணிக்கைதான் மூணு. அமல உற்பவம்னா மாதா புருஷன் துணை இல்லாம ஏசுவை கருத்தரிச்சதுன்னுதான் எங்க வகுப்புல பாதிப் பேர் நினைச்சுக்கிட்டிருந்தோம், நானும்தான். அது மாதா அவங்க அம்மா வயித்துல உற்பவிச்சதுல இருந்தே ஜென்மப் பாவம் இல்லாம இருந்தாங்கங்கிற விசுவாசம், 1854ல பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அதை அறிவிச்சார். டிசம்பர் 8ஆம் தேதி திருநாள் பூசைக்கு தவறாம போறோம், என்ன திருநாள்னு தெரியாம போறோம்.

எங்க பக்கத்து வீட்டு சிஎஸ்ஐ அம்மா, புராட்டஸ்டன்ட் சபைக்காரங்க, ஒரு நாள் உங்க பைபிள்ல மட்டும் ஏன் புக்கு அதிகமா இருக்குன்னு சும்மா கேட்டாங்க, சண்டைக்கு இல்ல, தெரிஞ்சுக்கத்தான். அப்ப முழிச்சேன். இப்ப சொல்ல முடியுது, நமக்கு 73, அவங்களுக்கு 66, தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் ரெண்டு நூல், இந்த ஏழுதான் வித்தியாசம், ஏன் வந்துச்சுங்கிற வரலாறும் கொஞ்சம் தெரியும். இப்ப அவங்களும் நானும் சாயங்காலம் மாடியில உக்காந்து சீராக்கு வாசிக்கிறோம், பிள்ளை வளர்க்கிறது, நட்பு, நாக்கை அடக்குறது பத்தியெல்லாம் அதுல இருக்கிறது அவங்களுக்கு ரொம்ப பிடிச்சிருச்சு.

என் மாமியார் சாகுற வரைக்கும் பழைய செபம்தான் சொல்லுவாங்க, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க"ன்னு. பிரியதத்தம்னா என்னன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வகுப்புலதான் தெரிஞ்சுது, இப்ப நாம அருள்னு சொல்றோமே, அதுதான் அது. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவங்க ஜெபமாலையை எடுத்து வச்சுக்கிட்டு அழுதுட்டேன்.

இதுல தமிழ் ஆளுங்களுக்கு இன்னொரு பெருமையும் இருக்கு, இதை உங்க பேப்பர்ல யாராவது விரிவா எழுதணும். 1578ல கொல்லத்துல தமிழ்ல ஒரு புத்தகம் அச்சாச்சு, போர்ச்சுக்கல்ல இருந்து வந்த குரு அன்றிக்கே அடிகளார் கொண்டு வந்த தம்பிரான் வணக்கம், பதினாறே பக்கம், இந்திய மொழி எழுத்துல இந்தியாவுல அச்சான முதல் புத்தகம் அது. என்ன புத்தகம்? செபமும் கட்டளையும் சொல்லிக்குடுக்கிற மறைக்கல்விப் புத்தகம்! அதுக்கு முத்துக்குளித்துறை மக்களே, அதாவது எங்க தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஜனங்களே, காசு போட்டிருக்காங்க. அன்னைக்கு எங்க பாட்டன் பூட்டன் மீன் வித்த காசு, முத்து குளிச்ச காசுல விசுவாசத்தைப் படிக்க புத்தகம் போட்டிருக்காங்க, இன்னைக்கு நாம திருவிழா லைட் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் போடுறதுல கொஞ்சம் கூட இதுக்குப் போடுறதில்லையே.

2022 மே 15ஆம் தேதி புனிதரா உயர்த்தப்பட்ட தேவசகாயமும் சின்ன வயசுல ஞாயிறு வகுப்புக்குப் போனவர் இல்ல. 1712ல நட்டாலத்துல இந்துக் குடும்பத்துல பொறந்தவர், திருவிதாங்கூர் அரசு வேலையில இருந்தவர், வீட்டுல அடுத்தடுத்து நஷ்டம் வந்து உடைஞ்சு போயிருந்தப்ப, குளச்சல் போர்ல பிடிபட்டு ராஜாகிட்டயே வேலை பார்த்த டச்சுப் படைத் தளபதி டிலனாய், எல்லாத்தையும் இழந்தும் கடவுளை விடாத யோபு கதைய அவர்கிட்ட சொன்னதா சொல்றாங்க. முப்பது வயசுக்கு மேல கேள்வி கேட்டு, கத்துக்கிட்டு, 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கினார், ஏழு வருஷத்துல அதுக்காக உயிரையும் குடுத்தார். கூட வேலை பார்க்கிற ஒருத்தர், குருவானவர் இல்ல, சாதாரண விசுவாசி, இன்னொருத்தருக்கு சொல்லிக்குடுத்ததுல இருந்து ஆரம்பிச்சதுங்க இது.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, எங்க வகுப்பு நல்லா போய்க்கிட்டு இருக்கிறப்ப ஃபாதருக்கு மாற்றல் வந்துச்சு, வகுப்பும் நின்னு போச்சு. எட்டு மாசம் நின்னுச்சு. வந்த ஃபாதருக்கு கோயில் கட்டட வேலை, ஸ்கூல் பொறுப்பு, ரெண்டு கிளைப் பங்கு, அவரை குத்தம் சொல்ல மனசு வரலை. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாறிப் போறவங்களை மட்டும் நம்பி இருந்தா எந்தப் பங்குலயும் இது நிலைக்காது. பழைய ஃபாதர் ஒரு தடவை சொன்னது அப்பதான் ஞாபகம் வந்துச்சு, 1983 திருச்சபைச் சட்டம் 229ஆம் பிரிவுல, கிறிஸ்தவப் போதனையைக் கத்துக்கிறது பொதுநிலையினரோட, அதாவது ஃபாதர் சிஸ்டர் இல்லாத நம்மள மாதிரி சாதாரண விசுவாசிகளோட, கடமை மட்டும் இல்ல, உரிமையும் கூடன்னு இருக்கு. பெரியவங்களுக்கு நடத்துறதுதான் மறைக்கல்வியிலயே முதன்மையானதுன்னு 1979லயே பாப்பரசர் ரெண்டாம் ஜான்பால் எழுதிட்டார். பிரான்சிஸ் பாப்பரசர் 2021ல மறைக்கல்வி ஆசிரியர்ங்கிறதை பொதுநிலையினருக்கான ஒரு திருப்பணியாவே ஏற்படுத்தினார். இவ்வளவு இருந்தும் நாம ஏன் யாராவது வந்து ஆரம்பிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கணும்?

நாங்களே ஆரம்பிச்சோம். ஈபில ரிட்டயர்டு ஆன ஒரு அண்ணன், ஆட்டோ ஓட்டுற தம்பி ஒருத்தர், காலேஜ் படிக்கிற ரெண்டு பொண்ணுங்க, நான். கையில இருக்கிறது 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு திருவிவிலியம், அதுல கீழ இருக்கிற அடிக்குறிப்பு, மறைக்கல்வி ஏடு ஒண்ணு. தெரியாததை தெரியாதுன்னு சொல்லி நோட்டுல எழுதி வச்சுக்குவோம், மாசம் ஒரு தடவை ஃபாதர்கிட்ட கொண்டு போவோம், அவரும் இப்ப ஆசையா நேரம் ஒதுக்குறார்.

கஷ்டம் இல்லாம இல்ல. ஆம்பளைங்க வர்றதே இல்லை, பைபிள் கூட்டம்னா பொம்பளைங்க விஷயம்னு நினைப்பு, பந்தல் போட கூப்பிட்டா முப்பது பேர் வர்றாங்க. இன்னொன்னு சொல்லவே வலிக்குது, ஒரே தெருவுல ஒரே பீடத்துல நன்மை வாங்குறவங்க, சில வீட்டுல கூட்டம் வச்சா மட்டும் வரமாட்டாங்க, காரணம் நம்ம எல்லாருக்கும் தெரியும். நாங்க வீடு மாத்தாம அந்த வீட்டுலயே தொடர்ந்து மூணு வாரம் வச்சோம். முதல் வாரம் ஒன்பது பேர், மூணாவது வாரம் பதினாறு பேர் வந்தாங்க, தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. இன்னும் நாலு குடும்பம் வரலை, அவங்களுக்காக காத்திருக்கோம்.

ஆசிரியர் சார், உங்க வெள்ளிக்கிழமை ஆன்மிகப் பக்கத்துல திருவிழா செய்தி போடுறீங்க, அதோட அந்த ஞாயிறு வாசகத்துக்கு ஒரு கால் பக்கம் எளிய விளக்கம் போட்டா எங்களை மாதிரி குழுக்கள் அதை வெட்டி வச்சுக்கிட்டுப் பேச வசதியா இருக்கும். வேப்பமரத்தடியில காத்திருக்கிற அப்பா அம்மாக்களுக்கும் ஒண்ணு சொல்லணும், உங்க அன்பியம் எந்தக் கிழமை எந்த வீட்டுலன்னு இந்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் கேளுங்க. எங்க கூட்டத்துக்கு வந்தாலும் சந்தோஷம்தான், திருத்தூதர் பணிகள் போய்க்கிட்டு இருக்கு, வர்ற வியாழன் 8ஆம் அதிகாரம். ஓடுற வண்டியில உக்காந்து எசாயா வாசிச்சுக்கிட்டுப் போன எத்தியோப்பியக்காரர் பகுதி, அதை நான்தான் சொல்லுவேன்னு ஆட்டோ தம்பி ரெண்டு வாரமா படிச்சுக்கிட்டு இருக்கார்.

இப்படிக்கு,
தாம்பரம் வாசகி