புதுக் கருவி வரும்போது பழைய வேலை போக வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகளும் நடுநிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் அமைந்து, ஆசிரியர் கைகளுக்குக் கைக்கணினியும் வந்திருக்கும் இந்நாளில், அவை சரியாகப் பயன்படுகின்றனவா என்ற கேள்வி எழும்போதெல்லாம் 'ஆசிரியர்கள் மாற மறுக்கிறார்கள்' என்ற பதிலே முந்திக்கொண்டு வருகிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இதில் பாதிகூட உண்மையில்லை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மானூர்ப் பக்கமோ நாங்குநேரிப் பக்கமோ உள்ள ஓர் ஈராசிரியர் பள்ளியின் காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். மாணவர் வருகையைச் செயலியில் பதிய வேண்டும். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று அதை ஏற்றிய ஆசிரியை, வகுப்புக்குத் திரும்பியதும் அதே பெயர்களுக்கு நேரே வருகைப் பதிவேட்டிலும் பேனாவால் குறிக்கிறார். பிறகு அதே தலைக்கணக்கு சத்துணவுக்கும் தனியாக எழுதப்படுகிறது. ஐந்து வகுப்புப் பிள்ளைகள் இரண்டு அறைகளில் காத்திருக்க, முதல் பாடவேளையில் பெரும்பகுதி இதிலேயே போய்விடுகிறது. கணினியில் ஏற்றியதைத் தாளிலும் எழுத வேண்டியதில்லை என்று மேலிருந்து சொல்லப்பட்டாலும் எழுதுவது நிற்பதில்லை. "நாளைக்குத் தணிக்கையில கேட்டா என்ன செய்ய?" என்ற அச்சம்தான் காரணம், அது வீண் அச்சம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆகவே ஒரு பள்ளியிலோ கல்வி அலுவலகத்திலோ புதிய தொழில்நுட்பத்தை முன்நின்று நடத்துகிறவர், எதைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று அறிவிப்பதற்கு முன்பே, எதை இனிச் செய்ய வேண்டாம் என்பதைத் தெளிவாக, எழுத்தில், தம் கையொப்பத்துடன் சொல்லிவிட வேண்டும் என்பதே என் கருத்து. 2018-இல் புதிய பாடநூல்கள் க்யூஆர் கோடுடன் வந்த சமயம் நினைவுக்கு வருகிறது. கைப்பேசியை அதன் மேல் காட்டினால் காணொலி வரும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வகுப்பில் கைப்பேசியை எடுப்பதே குற்றமாகப் பார்க்கப்பட்ட பள்ளிகளில், அதை வெளியே எடுக்க யாருக்குத் துணிவு வரும்? நானறிந்த ஒரு தலைமையாசிரியை, ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், தாமே ஆறாம் வகுப்புக்குப் போய் எல்லா ஆசிரியர்களையும் பின்வரிசையில் உட்காரவைத்து, கைப்பேசியை எடுத்து அந்தக் காணொலியைக் காட்டத் தொடங்கி, தமக்குப் பிடிபடாத இடத்தில் பள்ளியின் இளைய ஆசிரியரைக் கூப்பிட்டு, "தம்பி, இதுக்கு மேல எனக்கு வரல, நீ காட்டு" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் தெரியாததைக் கேட்க யாரும் கூச்சப்படவில்லை. மாநிலத்தில் தொடங்கி மாவட்டம், வட்டார வள மையம், குறுவள மையம் என்று படிப்படியாக இறங்கி வரும் பயிற்சி, கடைசிப் படியில் பெரும்பாலும் வருகைக் கையெழுத்தாகச் சுருங்கிவிடுவதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கருவியைப் பேணுவதும் தலைமையின் பொறுப்புதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடிக்காற்று இறங்கும்போது வள்ளியூர், பணகுடி வட்டாரத்தில் சன்னலை மூடினாலும் புழுதி நிற்காது. விசைப்பலகைக்கு ஓர் உறை வாங்க எந்த நிதியில் எடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கோடை விடுமுறை முழுவதும் மின்சாரமின்றிக் கிடக்கும் யூபிஎஸ் பேட்டரி, பள்ளி திறக்கும் நாளில் உயிரோடு இருக்குமென்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. விடுமுறையில் இடையிடையே வந்து சார்ஜ் ஏற்றுபவர் யார், அவருக்கு ஈடுசெய் விடுப்பு உண்டா என்பதை ஏப்ரலிலேயே முடிவு செய்துவிடலாம். தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மாவட்டத்தில் இதையெல்லாம் எழுத வேண்டியிருப்பது சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

மாவட்டக் கல்வி நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு கல்வியாண்டும் ஜூன் மாதத்தில், எந்தெந்தப் பதிவேடுகளைத் தாளில் பராமரிக்க வேண்டியதில்லை என்ற பட்டியலை வெளியிட்டு, ஆய்வின்போதும் தணிக்கையின்போதும் அவை கேட்கப்படமாட்டா என்ற உறுதியையும் அதே சுற்றறிக்கையில் சேர்த்து, அதன் படியை ஆய்வு அலுவலர்களுக்கும் தணிக்கைப் பிரிவுக்கும் அனுப்பிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
சேரன்மகாதேவி.