வெள்ளையா, கறுப்பா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வான்கோழி வளர்க்கப் போகிறேன், வெள்ளை வாங்கவா கறுப்பு வாங்கவா என்று கேட்டிருக்கிறாய். கண்டக்டர் பையைக் கழற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் திண்ணை உனக்குக் கசந்துவிட்டது. இங்கே சம்பா அறுப்பு முடிந்தது. கடைசி நேர மழையில் இரண்டு மா நிலத்துப் பயிர் சாய்ந்துபோனது, மற்றபடி பழுதில்லை. உன் தங்கச்சிக்குத்தான் முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவதில்லை.

சரி, வான்கோழிக்கு வருவோம். போனில் யாரோ காட்டிய அந்தப் பெரிய வெள்ளைச் சேவலைப் பார்த்து மயங்கியிருக்கிறாய். அகன்ற மார்பு வெள்ளை என்று அதற்குப் பெயர். பதினைந்து கிலோவைத் தாண்டும், உண்மைதான். ஆனால் நெஞ்சுக்கறி அவ்வளவு பெருத்துப் போனதால் சேவலால் பெட்டையோடு சேர முடியாது. ஊசி வழியாகத்தான் கருவூட்ட வேண்டும். அந்த வேலையை நன்னிலத்தில் உனக்கு யார் செய்து தருவார்? காலும் உடம்பைத் தாங்காது. தீவன மூட்டையோ வாரம் தவறாமல் வாங்கியாக வேண்டும். வெண்கல நிறத்தில் இன்னொரு இனம் உண்டு, பார்க்க அழகு, வெயிலில் இறகு தகதகக்கும். உரித்த பிறகு தோலில் கறுப்பு இறகு முளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும், வாங்குகிறவன் முகம் சுளிப்பான்.

என்னிடம் இருப்பது நந்தனம் வான்கோழி-1. நம் கறுப்பு நாட்டு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளையையும் கலந்து, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் சென்னையில் உண்டாக்கிய இனம். பெல்ட்ஸ்வில் என்பது அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ஊர். சின்னக் குடும்பத்துக்கு ஏற்ற அளவில் ஒரு பறவை வேண்டுமென்று 1930-களில் அரசு பண்ணையில் அதை உருவாக்கத் தொடங்கினார்கள். நந்தனத்துக்கு எடை நடுத்தரம். நம் வெயிலைத் தாங்கும், தானே சேரும், தானே அடைகாக்கும். முதல் முறை வளர்க்கிறவனுக்கு இது போதும் மாப்ளே.

என் முதல் தடவைக் கதை உனக்குத் தெரியாது. ஐப்பசியில் ஒருநாள் வயதுக் குஞ்சு இருபது வாங்கிவந்தேன். அடைமழை, கரண்ட் போய்ப் போய் வந்தது. இரண்டு குண்டு பல்பை நம்பி உட்கார்ந்திருந்தேன். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைக்கலாம். எனக்குக் கொட்டகையில் ஈரம்தான் மிச்சம். அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? தட்டு நிறையத் தீவனம் இருக்கும்போதே பட்டினியில் செத்தன. கோழிக்குஞ்சு பிறந்ததும் கொத்தும். இதற்குக் கண் மந்தம், பயமும் அதிகம், இது தீனி என்றே புரியாது. ஒரு வாரத்தில் பதினொன்று போயிற்று. பிறகுதான் ஒருவர் சொன்னார்: லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து வை, பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை உதிர்த்துப் போடு, பதினைந்து நாள் இப்படிச் செய் என்று. தண்ணீர்த் தட்டில் கலர் கோலிக்குண்டு போட்டேன், தீவனத்தின் மேல் முருங்கைக்கீரையை நறுக்கித் தூவினேன். பச்சையைக் கண்டால் ஓடிவந்து கொத்தும். மிச்சம் ஒன்பதும் பிழைத்தன.

ஆகையால் நீ ஒருநாள் குஞ்சு வாங்காதே. விலை கூடினாலும் ஒரு மாதக் குஞ்சாகப் பத்து வாங்கு. அந்த வயதில் சேவலா பெட்டையா என்று கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால்தான் பத்து. கடைசியில் ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் நிற்கட்டும், மீதிச் சேவலை விற்றுவிடு. வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து போட்டாயிற்றா என்று கேட்டு வாங்கு. அம்மை ஊசி நாலைந்து வாரத்தில் போடவேண்டும்.

மாசியில் தொடங்கினால் நல்லது. தரை காய்ந்திருக்கும், குஞ்சுக்கு வெயிலே பாதி பல்பு. முப்பது வார வயதில் பெட்டை முட்டைக்கு வரும், அதாவது ஆவணிவாக்கில். சேவல்களை மார்கழியில் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்துவிடலாம். வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கம் கேட்டு வருவார்கள். முட்டை பொரிய 28 நாள், கோழி மாதிரி 21 என்று நினைத்து அவசரப்பட்டு உடைத்துப் பார்க்காதே. (நான் உடைத்தேன்.)

கொட்டகை வயலை ஒட்டி வேண்டாம். நம் களிமண்ணில் கார்த்திகை வந்தால் தண்ணீர் நிற்கும். இரண்டடி செம்மண் கொட்டி மேடாக்கு, மேலே உமி பரப்பு. வளர்ந்த பறவை ஒன்றுக்கு ஐந்து சதுர அடி கொடு. என் கொட்டகைத் தூணெல்லாம் 2018 கஜா புயலில் சாய்ந்த எங்கள் தென்னைதான். பகலில் வெளியே விடு. கரையான், நத்தை, வெட்டுக்கிளி எல்லாம் தின்றுவிடும், தீவனச் செலவு பாதியாகும். பக்கத்து வயலில் மருந்து அடிக்கும் நாளில் மட்டும் அடைத்து வை.

இன்னொன்று, இதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். உன் வீட்டு நாட்டுக்கோழியோடு சேர்த்து வளர்க்காதே. கோழிக் குடலில் ஒரு சின்னப் புழு உண்டு. அதன் முட்டைக்குள் ஒளிந்து ஒரு கிருமி மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். கோழி அசராமல் நடமாடிக்கொண்டிருக்கும். வான்கோழி கந்தக மஞ்சளாகக் கழிந்து ஈரல் அழுகிச் சாகும். கோழி மேய்ந்த கொல்லை என்றால் வேறு இடம் பார். அத்தைக்குக் கோபம் வரும், நான் சொன்னேன் என்று சொல்லிக்கொள். சந்தேகம் வந்தால் ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரிக்குப் பறவையோடு போ, போனில் கேட்டு மருந்து வாங்காதே.

சேவல் சிலிர்த்து நிற்கும்போது மூக்கின் மேல் தொங்கும் சதை நீண்டுகொண்டே போகும், தலை சிவப்பிலிருந்து நீலமாக மாறும். பேத்தி பார்த்துவிட்டு, "தாத்தா, மூக்கு உருகுது" என்று அலறினாள். இப்போது அதற்குக் காலையில் கீரை போடுவது அவள் வேலை.

மாசி முதல் ஞாயிறு கிளம்பி வா. இரண்டு கூடை எடுத்து வா, மேலே வலை கட்டியதாக இருக்கட்டும். போன முறை வாத்தை வெறும் சாக்கில் கட்டி பஸ்ஸில் நீ ஏற்றிய கதையை மன்னார்குடி ஸ்டாண்டில் இன்னும் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் மச்சான்