தலை குளிர்ந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

அக்னி நட்சத்திரம் வந்தாலே மளிகைக் கடை வாசலில் சிவப்பு, பச்சை நிறக் குளிர்ச்சித் தைலங்கள் சாஷே சாஷேயாகத் தொங்க ஆரம்பித்துவிடும். தேய்த்ததும் ஜில்லென்று இருப்பது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் மெந்தாலும் கற்பூரமும் செய்கிற வேலை. தோலில் குளிரை உணரும் நரம்புகளை மெந்தால் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான், உடம்புச் சூடு அதனால் இறங்குவதில்லை. பெரியவர்களுக்கு இதமாக இருக்கிறதென்றால் சரி, தேய்த்துக்கொள்ளட்டும்.

என் கவலை குழந்தைகளைப் பற்றியது. கற்பூரம் கலந்த எண்ணெயைக் குழந்தை கொஞ்சம் விழுங்கிவிட்டாலும் வலிப்பு வரலாம், அப்படியிருந்தும் இந்தப் பாட்டில்கள் பல வீடுகளில் கைக்கெட்டும் அலமாரியில்தான் நிற்கின்றன. அப்புறம் பொடுகு. அரிப்பு அடங்கும் என்று எண்ணெயை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டால், அந்தக் கொழுப்பைத் தின்று வளரும் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். அரை மணி நேரத்தில் சீயக்காய் போட்டு அலசிவிடுங்கள்.

உள்ளே இருக்கும் பொருட்களைப் பொடி எழுத்தில், அதுவும் தாவரவியல் பெயரில் போட்டால் யாருக்குப் புரியும்? கற்பூரம் எவ்வளவு, மெந்தால் எவ்வளவு என்று தமிழில் பெரிதாக அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.