மேலேர்ந்து தன்னையே பாக்கறது ஆவி சமாச்சாரமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல, ஆபரேஷன் டேபிள்ல மயக்கத்துல கிடந்தவர் தன் உடம்பையே மேலேர்ந்து பாத்தாருன்னு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உயிர் வெளிய போய்ட்டு திரும்பி வந்ததுக்கு இதான் சாட்சின்னு முடிச்சீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. அவர் பொய் சொல்றாருன்னு நான் சொல்லல. பாத்திருப்பார்.

2002ல ஜெனிவா ஆஸ்பத்திரியில ஒரு அம்மாவுக்கு வலிப்பு மூளையில எங்கேர்ந்து கிளம்புதுன்னு தேடறப்போ, ஓலாஃப் பிளாங்கேங்கற டாக்டரும் அவர் ஆளுங்களும் லேசா கரண்ட் குடுத்து பாத்தாங்க. வலது காதுக்கு மேல கொஞ்சம் பின்னாடி ஒரு இடம். மொதல்ல கம்மியா குடுத்தப்போ கட்டிலுக்குள்ள அமுங்கற மாதிரி, உசரத்துலேர்ந்து விழற மாதிரி இருக்குன்னாங்க, கொஞ்சம் ஏத்தினதும் நான் சீலிங் கிட்ட மிதக்கறேன், கீழ கட்டில்ல நானே படுத்திருக்கேன்னு சொல்லியிருக்காங்க, அதுவும் முழு உடம்பு தெரியல, காலும் இடுப்புப் பக்கமும் மட்டும்தான். மறுபடி குடுத்தா மறுபடி மிதக்கறாங்க! கண்ணு பாக்கறது, தோல் உணர்றது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் எல்லாம் சேர்ந்து "நான் இங்க இருக்கேன்"னு கணக்கு போடற இடம் அது, கணக்கு தப்பினா ஆளு வேற எடத்துல இருக்கற மாதிரி ஆயிடுது.

வலிப்பே இல்லாதவங்களுக்கும் இதை வரவைக்கலாம். 2007ல லண்டன்ல எர்சன்னு ஒருத்தர், ஆளை உக்கார வச்சு முதுகுக்குப் பின்னாடி கேமரா வச்சு, அந்தப் படத்தை கண்ணுல மாட்டின திரையில காட்டிக்கிட்டே நெஞ்சுல குச்சியால தொட்டார், அதே நேரம் கேமராவுக்குக் கீழயும் இன்னொரு குச்சியை ஆட்டினார். கொஞ்ச நேரத்துல அவங்களுக்கு தான் பின்னாடி உக்காந்து தன் முதுகையே பாக்கற மாதிரி ஆயிடுச்சு. கேமராவுக்குக் கீழ வெத்து எடத்துல சுத்தியலை ஓங்கினா இவங்களுக்கு வேர்க்குது.

திருமூலர் மூலன் உடம்புல புகுந்த கதை கேட்டு வளந்தவதான் நானும், அதை விடுங்க. என் கவலை வேற. வலிப்புல சிலருக்கு கை கால் வெட்டாது, இப்படி வெளிய நின்னு பாக்கற மாதிரி மட்டும் வந்துட்டு போகும். அந்த வீட்டுல உங்க கட்டுரைய படிச்சா நேரா மந்திரிக்கத்தான் கூட்டிட்டு போவாங்க. அடிக்கடி இப்படி வந்தா நரம்பு டாக்டரை பாருங்கன்னு அடுத்த வாரமாவது ஒரு கட்டம் கட்டி போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்