விமானச் சீட்டில் உள்ள நேரத்தை எப்படி வாசிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாடு போகும் நம் மலையக மக்களில் பலர், இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைக் கைபேசியில் தேடி, கூடவே வரும் மணிக்கணக்கையும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அங்கே காட்டப்படுவது உருண்டைப் பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய வழி மட்டுமே.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து டுபாய் சுமார் 3,300 கிலோமீற்றர். மணிக்கு 850 கிலோமீற்றர் என வகுத்தால் 4 மணித்தியாலம்கூட வராது. சீட்டில் இருப்பதோ ஏறக்குறைய நாலேமுக்கால். ஓடுபாதை வரை ஊர்வதும், இறங்க முறை வரும்வரை வானில் வட்டமிடுவதும் அதில் அடங்கும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 250 கடல்மைலுக்கு, அதாவது சுமார் 460 கிலோமீற்றருக்கு, மேல் ஓட்டவும் விடமாட்டார்கள். திரும்பி வரும்போது அதே தூரம் அரை மணித்தியாலம்வரை குறையலாம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதே காரணம். டிசம்பர், ஜனவரியில் அது இன்னும் பலமாக இருக்கும்.

குழப்பம் அதிகம் வருவது கடிகாரத்தில்தான். சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது, இறங்கும் நேரம் இறங்கும் ஊருடையது. காலை 10.00க்குப் புறப்பட்டு பிற்பகல் 1.15க்கு டுபாய் என்றிருந்தால் அது மூன்றேகால் மணித்தியாலப் பயணமல்ல. டுபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். கட்டார், சவூதி, குவைத் இரண்டரை. இலண்டன் கோடையில் நாலரை, மாரியில் ஐந்தரை. மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள்.

இவற்றை விடப் பெரிய சிக்கல், நள்ளிரவு தாண்டிய விமானம். 15ஆம் திகதி 00.40 என்றால் 14ஆம் திகதி பிற்பகலே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் திகதி இரவு போய் நின்றால் விமானம் முதல்நாள் இரவே போயிருக்கும். பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடும் என்பதால், 3 மணித்தியாலம் முன்னதாக, 21.40க்கு அங்கே இருப்பது நல்லது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியே வேனில் சுமார் 4 மணித்தியாலம். மழை, பனிமூட்டம், மண்சரிவு, கொழும்புப் பக்க நெரிசல் எல்லாவற்றுக்குமாக இன்னும் ஒன்றரை சேர்த்தால், பிற்பகல் 4 மணிக்காவது புறப்பட்டாக வேண்டும். நுவரெலியாக்காரர் இன்னும் முந்த வேண்டும்.

இடையில் விமானம் மாறுவோர் முழுப் பயணத்தையும் ஒரே சீட்டில் எடுப்பதே பாதுகாப்பு. தனித்தனியாக எடுத்தால் பெரும்பாலும் பயணப்பொதியை நாமே வெளியே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டு விசாகூடத் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

முகவர் விளம்பரங்களில் எந்த நேரம் எந்த ஊர் நேரம் என்பதையும், நள்ளிரவு விமானமானால் வீட்டை விட்டுக் கிளம்பும் திகதியையும் சேர்த்துத் தரும்படி தங்கள் விளம்பரப் பகுதி கேட்டுக்கொண்டால் பெரும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்கள், ஹட்டன்